பத்து லட்சம் ரூபா கார்ட்: வெள்ளிக்கிழமைக் கூட்டத்திற்கு முன் நாம் சொல்ல வேண்டியது



வருகின்ற வெள்ளிக்கிழமை இஷாத் தொழுகைக்குப் பிறகு எமது வாசிகசாலையின் கம்பியூட்டர் அறை பற்றிக் கூட்டம் நடக்க இருக்கிறது. கட்டாரிலும் சவூதியிலும் தொழில் செய்கின்ற எமது ஊர்ச் சகோதரர்கள் சேர்த்து அனுப்பிய பதினொரு லட்சம் ரூபா கையில் இருக்கிறது. அதில் பத்து லட்சத்துக்கு மேல் செலவழித்து, வீடியோ எடிட்டிங் செய்யும் ஒரே ஒரு கம்பியூட்டருக்கு ஆர்.டி.எக்ஸ் 5090 என்ற கிராபிக்ஸ் கார்டைப் போடுவது என்று வட்ஸ்அப் குழுமத்தில் முடிவே எடுத்துவிட்டது போலக் கதை நடக்கிறது. ஒருவர் கார்டின் படத்தைப் போட்டார். அதற்குக் கீழே நாற்பது "மாஷா அல்லாஹ்". "இது எதற்கு?" என்று ஒருவராவது கேட்கவில்லை.

அந்த அறையில் பின்னேர வகுப்பு நடத்துகின்ற நாம் கேட்கிறோம். குழுமத்தில் கேட்டால் நூறு மெசேஜுக்குள் தொலைந்துவிடும். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். உடன்படாவிட்டால் பதில் எழுதுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 5090 மோசமான சாமான் என்று நாம் சொல்லவில்லை. 2025 ஜனவரி 30ஆம் திகதி விற்பனைக்கு வந்த அந்தக் கார்டில் 32 ஜிபி நினைவகம் இருக்கிறது. வீட்டுப் பாவனைக்கு விற்கப்படும் கார்ட்களில் அது வந்தபோது அதற்கு மேல் ஒன்று இருக்கவில்லை. எமது கேள்வி கார்ட் நல்லதா என்பதல்ல. எமது வேலை எந்த இடத்தில் தடைப்படுகிறது, அந்தத் தடையை இந்தக் கார்ட் எடுத்துவிடுமா என்பதுதான்.

*இப்போது எம்மிடம் என்ன இருக்கிறது?*

எடிட்டிங் மெஷினில் இருப்பது ஆர்.டி.எக்ஸ் 3060, 12 ஜிபி. பத்தாம் தலைமுறை ஐ5 புரொசசர். 16 ஜிபி ரெம். 650 வாட் பவர் சப்ளை. வீடியோக்கள் எல்லாம் சுற்றுகின்ற பழைய ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன. அதற்கு வேறு பிரதியும் இல்லை.

அதே அறையில் இன்னும் ஆறு கம்பியூட்டர்கள் உள்ளன. அவற்றில்தான் சாதாரண தரப் பிள்ளைகள் ஐ.சி.டி. படிக்கிறார்கள். உயர்தரப் பிள்ளைகள் பைதன் எழுதிப் பழகுகிறார்கள். ஆறில் இரண்டு ஒன் ஆகாது. மிச்சம் நாலும் விண்டோஸ் 10. அதற்கான மைக்ரோசொஃப்டின் வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மாற்றலாம் என்றால் இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறை புரொசசராவது வேண்டும். எமது நாலும் அதற்கு முந்தியவை. ஒரு கீபோர்ட்டுக்கு மூன்று பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு இருக்கிறார்கள். ஒரு பிள்ளை தட்டும், இரண்டு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். வகுப்பு முடிந்துவிடும்.

இந்த அறைக்குத்தான் பத்து லட்சம் ரூபா கார்ட் வருகிறது.

*அளந்து பார்த்தோம்*

சும்மா வாய்க்கு வந்ததைப் பேசவில்லை. போன வாரம் மீடியாத் தம்பிமாரோடு இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தோம். பெருநாள் திடல் தொழுகை வீடியோவை அவர்கள் எடிட் செய்யும்போது விண்டோஸின் டாஸ்க் மெனேஜரைத் திறந்து வைத்தோம். கார்டின் 3டி கிராஃபை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம் என்பதால் அதற்குள்ளே இருக்கும் வீடியோ டிகோட், என்கோட் கிராஃப்களையும் சேர்த்தே பார்த்தோம்.

மெஷின் இறுகி நின்ற ஒவ்வொரு முறையும் நடந்தது ஒன்றுதான். 16 ஜிபி ரெம் நிரம்பி வழிந்தது. ஹார்ட் டிஸ்க் நூறு வீதத்தில் முட்டி நின்றது. கார்ட்? பெரும்பாலான நேரம் அதன் சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூட வேலை செய்யவில்லை. டிஸ்க் அனுப்பும் வீடியோவுக்காகக் காத்துக்கொண்டு சும்மா இருந்தது.

பைப்பில் தண்ணீர் வரவில்லை என்று பெரிய வாளி வாங்கும் கதைதான் இது.

நேரலை வெட்டி வெட்டிப் போகிறது என்பது இரண்டாவது முறைப்பாடு. நாம் முகநூலில் 1080பியில்தான் நேரலை போடுகிறோம். அதை என்கோட் செய்வதற்கென்றே 3060இற்குள் தனியான பகுதி இருக்கிறது, அந்த வேலை அதற்குத் தூசு. வெட்டுவது எங்கே? ஜும்ஆ நேரத்தில் அப்லோட் வேகம் விழுந்துவிடுகிறது. டொங்கலில் வரும் இணையத்துக்கு 5090 போட்டாலும் அதே டொங்கல்தான்.

*கார்ட் வாங்கினால் கார்டோடு முடியாது*

இதை யாரும் குழுமத்தில் சொல்லவில்லை. 5090 முழு வேலையில் 575 வாட் மின்சாரம் இழுக்கும். 1000 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. எம்மிடம் இருப்பது 650. ஆகவே பவர் சப்ளை புதிதாக வேண்டும். பல கம்பனிகள் செய்யும் 5090கள் மூன்று ஸ்லொட்டுக்கு மேல் இடம் பிடிக்கும் பெரிய சாமான்கள். எமது சின்னக் கேஸுக்குள் அது போகாது. ஆகவே கேஸ் வேண்டும். எமது பத்தாம் தலைமுறை புரொசசரால் அந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்க முடியாது. ஆகவே புரொசசர், அதற்கு மதர்போர்ட், அதற்குப் புது ரெம். ரெம்மின் விலை 2025இன் கடைசியிலிருந்து உலகம் முழுக்க எப்படி ஏறியது என்பது கடைக்காரர்களிடம் கேட்டால் தெரியும்.

யூ.பி.எஸ்ஸை மறந்துவிடாதீர்கள். எமது அறையில் இருக்கும் 650 விஏ யூ.பி.எஸ். கிட்டத்தட்ட 360 வாட்தான் தாங்கும். கார்ட் மட்டுமே 575. கரண்ட் போனால் மெஷினும் சேர்ந்து போகும். 2022இல் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருளில் மூழ்கியதையும் பார்த்தோம். இந்த நாட்டில் கம்பியூட்டர் வாங்குகிறவன் முதலில் யூ.பி.எஸ்ஸைத்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று பாதுகாப்பு. இந்த வகைக் கார்ட்களின் மின் இணைப்பு முனை உருகிய சம்பவங்கள் 2022இன் கடைசியில் 4090 வந்தபோதே வெளியாகின. முனையைச் சரியாகச் செருகாததே பொதுவான காரணம் என்று என்விடியா சொன்னது. பிறகு முனையின் அமைப்பைத் திருத்தினார்கள். ஆனாலும் 2025இல் 5090 வந்த பிறகும் அப்படியான முறைப்பாடுகள் வந்தன. எல்லாக் கார்டும் உருகும் என்று பயம் காட்டவில்லை. ஆனால் பலர் கை வைக்கும், பிள்ளைகள் வந்து போகும் ஒரு பொது அறையில் இதைப் பொருத்தி, இரவு முழுக்க ரெண்டர் போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போவது யாருடைய பொறுப்பு என்று கூட்டத்தில் எழுதி வையுங்கள்.

விலைக்கு வருவோம். அமெரிக்காவில் அறிவித்த விலை 1,999 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலே ஆறு லட்சம். அதற்கு மேல் 18 வீத வற் வரி போட்டால் ஏழு லட்சம் தாண்டும். ஆனால் அறிவித்த விலைக்கு அந்தக் கார்ட் கையில் கிடைப்பதில்லை. பம்பலப்பிட்டிப் பக்கம் நாம் கேட்ட விலைகள் எல்லாம் பத்து லட்சத்துக்கு மேல். ஓர் ஆசிரியரின் ஒரு வருடச் சம்பளம் அதற்குக் காணாது.

*"ஏ.ஐ. யுகம் இது, பின்தங்கிவிடுவோம்"*

இதுதான் குழுமத்தில் அதிகம் லைக் விழுந்த வாதம். ஏ.ஐ. பற்றிப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதில் எமக்கு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. ஆனால் சட்ஜிபிடியோ ஜெமினியோ எமது கார்டில் ஓடுவதில்லை. அவை அந்தக் கம்பனிகளின் டேட்டா சென்டரில் ஓடுகின்றன. சின்ன போனிலும் அதே பதில்தான் வரும், 5090 போட்ட மெஷினிலும் அதே பதில்தான் வரும்.

"இல்லை, நாமே எமது மெஷினில் மொடல் ஓட்டப் போகிறோம்" என்றார் ஒரு தம்பி. நல்ல ஆசை. கணக்கைப் பார்ப்போம். 8 பில்லியன் அளவுள்ள மொடலை 4 பிட்டுக்குச் சுருக்கினால் அதன் எடைகளுக்கு கிட்டத்தட்ட 4 ஜிபி போகும். எமது 12 ஜிபி 3060இல் அது தாராளமாக ஓடும். இன்றைக்கே ஓட்டலாம், யார் தடுத்தது? 70 பில்லியன் அளவுள்ள பெரிய மொடல் என்றால் 4 பிட்டிலும் எடைகளுக்கு மட்டும் 35 ஜிபி வேண்டும். 5090இல் இருப்பது 32. பத்து லட்சம் கொடுத்த பிறகும் அது முழுதாக உள்ளே போகாது. இரண்டுக்கும் இடைப்பட்ட மொடல்களுக்கு 5090 உதவும், அது உண்மை. ஆனால் அப்படி ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும் பிள்ளை எமது ஊரில் யார்? பெயரைச் சொல்லுங்கள், நாம் போய்ச் சந்திக்கிறோம்.

மொடல் ஒன்றைப் பயிற்றுவித்துப் பார்க்க ஆசைப்படும் உயர்தரப் பிள்ளைக்கு கூகுள் கோலாப் இலவசமாகவே கார்ட் தருகிறது. காகிளும் தருகிறது. நேரக் கட்டுப்பாடு உண்டு, பழகுவதற்கு அது போதும். அதைத் திறக்க வேண்டியது ஓடுகின்ற ஒரு கம்பியூட்டரும் ஒழுங்கான இணையமும் மட்டுமே. அந்த இரண்டும்தான் எமது அறையில் இல்லை.

*"இப்ப பெரிசா வாங்கினா பத்து வருசத்துக்குப் பார்க்கத் தேவையில்லை"*

இந்தத் துறையில் இந்தக் கதை எடுபடாது. 2022 மார்ச்சில் 3090 டிஐ என்ற கார்ட் 1,999 டொலருக்கு வந்தது. அன்றைக்கு அதுதான் உச்சம். 2023 ஜனவரியில் 799 டொலருக்கு 4070 டிஐ வந்து நிறைய கேம்களில் அதற்குக் கிட்ட வந்து நின்றது. இடையில் போனது பத்து மாதம்தான். உச்சியில் வாங்குகிறவன் எதிர்காலத்தை வாங்குவதில்லை. "முதல் ஆளாக வைத்திருக்கிறேன்" என்ற பேருக்குத்தான் அந்த மிச்சக் காசைக் கொடுக்கிறான்.

விளம்பரத்தையும் நம்பி ஏமாற வேண்டாம். 2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் நின்று 549 டொலர் 5070, 4090இன் வேகத்தைத் தரும் என்றார். கை தட்டினார்கள். பிறகு பரிசோதித்தவர்கள் காட்டியது என்ன? உண்மையாக வரையும் ஒரு ஃபிரேமுக்கு இடையில் ஏ.ஐ. மூலம் மூன்று ஃபிரேம்களை ஊகித்துச் செருகும்போதுதான் அந்த எண் வருகிறது. அது கேமுக்கான வித்தை. எமது எடிட்டிங் மெஷினில் பெருநாள் வீடியோ வெட்டுவதற்கு அந்த ஃபிரேம்களால் ஒரு சதப் பிரயோசனமும் இல்லை.

*"வெளிநாட்டு ஓடர் எடுத்து உழைக்கலாம்"*

இந்த வாதத்தை நாம் மதிக்கிறோம். எமது தம்பிமார் வீட்டில் இருந்தே உழைப்பதைவிட எமக்கு வேறு சந்தோசம் என்ன? முப்பரிமாண அனிமேஷன் செய்கிறவருக்கு, கட்டடத் திட்டங்களை ரெண்டர் செய்து கொடுக்கிறவருக்கு, பெரிய கார்ட் ஒரு வேலைக் கருவிதான். மேசன்பாஸுக்குக் கரண்டி போல. ரெண்டர் எட்டு மணித்தியாலத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைந்தால் அவர் இன்னொரு ஓடர் எடுப்பார். கார்ட் தன் விலையைத் தானே உழைத்துக் கொடுக்கும்.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் தொழில், பிறகு கருவி. பிளெண்டர் 3060இலும் ஓடும், கொஞ்சம் மெதுவாக. அதில் முதலில் ஒரு ஓடர் முடித்துக் காட்டுங்கள், பிறகு இரண்டு, பிறகு ஐந்து. "நேரம் போதவில்லை, ஓடர் திரும்பிப் போகிறது" என்று நீங்கள் கணக்கைக் காட்டும் நாளில் உங்களுக்காகச் சல்லி சேர்க்க முதலாவது வீட்டுப் படியேறுவது நாமாக இருப்போம். இன்றைக்கு ஓடரும் இல்லை, பழகியவரும் இல்லை, கார்ட் மட்டும் வருகிறது.

கெமராத் தம்பி ஒரு நியாயமான விசயம் சொன்னார். புதிய கெமராக்கள் 4:2:2 என்ற வகையில் பதிவு செய்கின்றன, 3060 அதை நேரடியாக டிகோட் செய்யாது, புதிய 50 வரிசைக் கார்ட்கள் செய்யும். சரி. ஆனால் அந்த வசதி 5090இல் மட்டும் இல்லை, அதே வரிசையின் 5060 டிஐயிலும் உண்டு. 16 ஜிபி நினைவகத்துடன் அதன் அறிவித்த விலை 429 டொலர். இழுப்பது 180 வாட். எமது 650 வாட் பவர் சப்ளையே அதற்குப் போதும். தேவை என்று அளந்து நிரூபித்தால் அதை வாங்கலாம். நாமே கை தூக்குவோம்.

*உண்மைக் காரணம் வேறு*

மனம் நோகாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். 5090 என்ற பெயர் எமது குழுமத்துக்குள் எப்படி வந்தது? "பக்கத்து ஊரில் 4090 போட்டிருக்கிறார்கள்" என்ற ஒரு மெசேஜோடுதான் வந்தது. பழைய மெசேஜ்களைத் திறந்து பாருங்கள். அதற்கு முன் கார்ட் போதவில்லை என்று யாருமே சொல்லவில்லை.

இதே நோய்தான் எம்மை எல்லாவற்றிலும் பிடித்திருக்கிறது. அவர்கள் வளைவு கட்டினால் நாம் அதைவிட உயரமாக வளைவு கட்ட வேண்டும். அவர்கள் கல்யாணத்துக்கு இருநூறு சஹன் வைத்தால் நாம் முன்னூறு. இப்போது கார்ட். திறப்பு விழா, பெனர், ரிப்பன், படம், பெயர்ப் பலகை. ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தக் கார்ட் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க ஒருவரும் வர மாட்டார்கள். போன முறை பெரிய விழா வைத்துத் திறந்த பிரின்டர் மை வாங்கக் காசில்லாமல் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரும்போது நிமிர்ந்து பாருங்கள், தெரியும்.

இது யாருடைய காசு? 45 பாகை வெயிலில் வாகனம் ஓட்டி, கட்டடத்தில் ஏறி, பிள்ளையின் முகத்தை போனில் மட்டும் பார்த்துக்கொண்டு உழைத்தவர்களின் காசு. அவர்கள் "5090 வாங்குங்கள்" என்று அனுப்பவில்லை. "ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு" என்று அனுப்பினார்கள். அது எமது கையில் அமானிதம். ஸதகதுல் ஜாரியாவாக இருக்கட்டும் என்ற நிய்யத்தோடு கொடுத்தார்கள். ஸதகதுல் ஜாரியா என்றால் பயன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாமானின் விலை பெரிதாக இருந்தால் பயன் ஓடும் என்று எந்த உஸ்தாதும் எமக்குச் சொல்லித் தரவில்லை. இஸ்ராஃப் என்பது சோற்றை வீசுவதில் மட்டும் இல்லை. தேவைக்கு மேல் வாங்குவதும் அதற்குள் வரும்.

*நாம் முன்வைப்பது*

வெறுமனே "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போக நாம் வரவில்லை. விலை கேட்டு ஒரு கணக்குப் போட்டோம்.

1. பாவித்த எட்டாம் தலைமுறை ஐ5 கம்பியூட்டர், எஸ்.எஸ்.டி., மொனிட்டருடன் எட்டு. ஒன்று 65,000 வீதம் 5,20,000 ரூபா. விண்டோஸ் 11 இவற்றில் ஓடும்.

2. எட்டுக்கும் 650 விஏ யூ.பி.எஸ். ஒன்று 14,000 வீதம் 1,12,000 ரூபா.

3. எடிட்டிங் மெஷினுக்கு ரெம் 32 ஜிபிக்கு உயர்த்த 45,000. 1 டிபி எஸ்.எஸ்.டி. 30,000. வீடியோக்களைப் பிரதி எடுத்து வைக்கப் பெரிய வெளி டிஸ்க் 45,000. நேரலைக்கு நல்ல மைக் 40,000. மொத்தம் 1,60,000 ரூபா. நேரலையைப் பார்க்கிறவர்கள் முறையிடுவது சத்தத்தைப் பற்றித்தான், படத்தைப் பற்றி இல்லை என்பதை மீடியாத் தம்பிமாரே ஒப்புக்கொள்வார்கள்.

எல்லாம் சேர்த்து 7,92,000. மிச்சம் 3,08,000 ரூபா. அதில் ஃபைபர் இணைப்பு எடுத்து ஒரு வருட மாதக் கட்டணத்தை ஒதுக்கி வைப்போம். பாக்கியைப் பெட்டியில் வைப்போம். ரெம்மும் டிஸ்கும் மாற்றி மூன்று மாதம் வேலை செய்த பிறகு திரும்ப அளப்போம். அப்போதும் கார்ட்தான் தடை என்றால் நடுத்தரக் கார்ட் ஒன்றை வாங்குவோம். பழைய 3060ஐ ஒரு வகுப்புக் கம்பியூட்டருக்கு மாற்றுவோம்.

ஒரு எச்சரிக்கை. "பாவித்த பெரிய கார்ட் மலிவாக இருக்கிறது" என்று யாராவது வந்தால் அவசரப்பட வேண்டாம். 2022 செப்டெம்பரில் இத்தீரியம் தன் முறையை மாற்றியபோது கிரிப்டோ மைனிங்கில் மாதக்கணக்கில் இரவு பகலாக ஓடிய கார்ட்கள் சந்தைக்கு வந்து குவிந்தன. வொரண்டி இல்லாமல், கண் முன்னே ஓட்டிக் காட்டாமல் எதையும் எடுக்காதீர்கள்.

*வீட்டிலே கேட்கும் பிள்ளைகளுக்கும்*

கூட்டத்தைப் பற்றி எழுதும்போது பல உம்மாமார் நினைவுக்கு வருகிறார்கள். "சேர், மகன் ஐந்து லட்சத்துக்குக் கார்ட் கேட்கிறான், படிப்புக்கு என்கிறான், உண்மையா?" என்று கேட்டவர்கள். அவர்களுக்கும் இதே அளவுகோல்தான்.

உயர்தர ஐ.சி.டி. பாடத்துக்கு உயர் ரகக் கார்ட் தேவையில்லை. கேமுக்கு என்றால் கேமுக்கு என்று மகன் வாய் திறந்து சொல்லட்டும், அது குற்றமில்லை. ஆனால் முதலில் மொனிட்டரைப் பாருங்கள். சாதாரண 1080பி, 60 ஹெர்ட்ஸ் மொனிட்டர் ஒரு வினாடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் காட்டாது. கார்ட் 200 வரைந்தாலும் கண்ணுக்கு வருவது 60தான். அப்படியான மொனிட்டருக்கு 5090 வாங்குவது வயல் வரம்பில் ஓட்டுவதற்கு ரேஸ் கார் வாங்குவது.

பிறகு கரண்ட் பில். பெரிய கார்ட் போட்ட மெஷின் முழு வேலையில் 800 வாட் இழுத்தால், நாளைக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு 4 யுனிட். மாதத்துக்கு 120 யுனிட். மாதம் 90 யுனிட் பாவிக்கும் வீடு 210க்குப் போய், 180க்கு மேற்பட்ட உச்சப் படியில் விழும். கட்டணம் எப்படி ஏறும் என்று பில்லைக் கட்டுகிற வாப்பாவுக்குத் தெரியும்.

தவணைக் கட்டணமும் அப்படித்தான். "மாதம் இவ்வளவுதான்" என்று சொல்வார்கள். வட்டி உள்ளே இருக்கிறதா என்று கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். ஹலால் ஹராம் பார்த்துச் சாப்பிடுகிற நாம் விளையாட்டுச் சாமானுக்காக வட்டிக்குள் போகக் கூடாது.

*கடைசியாக*

மீடியாத் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு எதிராக இதை எழுதவில்லை. வெள்ள நேரத்தில் இரவிரவாக நின்று செய்தி தந்தது நீங்கள். ஜனாஸா அறிவித்தல்களைத் தவறாமல் போடுவது நீங்கள். ஐந்து சதம் வாங்காமல் செய்கிறீர்கள். உங்கள் மெஷின் இறுகுவது பொய்யில்லை, அதை நாமும் பார்த்தோம். அதைச் சரிசெய்யத்தான் 1,60,000 ரூபா கேட்கிறோம். அது உங்கள் வேலையை இலேசாக்கும். 5090 உங்களைப் படம் பிடிக்க வைக்கும்.

நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை வாக்கெடுக்க முன் அந்த அறைக்குள் போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள். வகுப்பு நேரத்தில் வாருங்கள். ஒரு கீபோர்ட்டைச் சுற்றி நிற்கும் மூன்று பிள்ளைகளில் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கிற இரண்டு பிள்ளைகளிடம், பதினொரு லட்சம் ரூபா வந்திருக்கிறது, என்ன வாங்கட்டும் என்று கேளுங்கள்.

அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே தீர்மானமாக எழுதுங்கள். நாம் கையெழுத்து வைக்கிறோம்.

இதில் எந்தக் கணக்காவது பிழை என்றால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறோம். ஆட்களைத் தாக்காமல், விசயத்தைப் பற்றிப் பண்பாகக் கருத்திடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கு இந்தப் பதிவைப் பகிருங்கள், காசு கொடுத்தவர்களும் பேசட்டும்.

வெள்ளிக்கிழமை, இஷாவுக்குப் பிறகு, வாசிகசாலை. இன்ஷா அல்லாஹ் எல்லோரும் வாருங்கள்.